பஞ்சுப் பஞ்சமும் பத்திரிகை மூலைப் பாட்டுகளும்

வாசகர் ஒருவர் கேட்டது:
"19ஆம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த கவிதைகளைப் பற்றி இப்போது ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறதாமே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நாலு விரற்கடை இடம் மிஞ்சினால் அடைப்பதற்குப் போட்ட சரக்குதானே? தேறுகிற கவிதை என்றால் புத்தகத்தில் வந்திருக்காதா?"

2 ஜூன் 2023

இடம் அடைக்கப் போட்டதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் பெரிய தப்பு. எனக்குத் தெரிந்த ஒரு மூலையைச் சொல்கிறேன்: இங்கிலாந்தின் லங்காஷயர், 1861 முதல் 1865 வரை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் துறைமுகங்களை வடக்கு மறித்ததும் பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் மில்களுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான். 1862 கடைசியில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி உயிர் வைத்திருந்தார்கள். 'காட்டன் ஃபேமின்' என்று அதற்குப் பெயர். தமிழில் 'பஞ்சுப் பஞ்சம்' என்று சொல்லும்போது வார்த்தையே பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது.

அந்த நாலு வருஷமும் பிளாக்பர்ன், ஸ்டேலிபிரிட்ஜ், ராச்டேல், பிரெஸ்டன் ஊர்ப் பத்திரிகைகளில் நெசவாளிகள் பாட்டு எழுதித் தள்ளினார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சைமன் ரென்னி என்பவர் தலைமையில் அவற்றைத் தேடி எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்கப் போனது இலக்கிய ஆசையால் அல்ல. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் 22 வருஷம் இருந்தவன். 'சூரத்' என்ற சொல்லை வைத்துத் தேடும்போது போய் மாட்டினேன்.

புத்தகமாக ஏன் வரவில்லை என்கிறீர்கள். புத்தகம் போட முன்பணம் வேண்டும், முன்கூட்டியே வாங்கச் சம்மதிப்பவர்கள் வேண்டும். பத்திரிகைக்குத் தபால்தலை போதும்.

2 ஜூன், இரவு

பத்திரிகை எப்படி அவ்வளவு பெருகியது என்பதைச் சொல்லாமல் விட்டேன். இங்கிலாந்தில் பத்திரிகை ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி இருந்தது. 1815இல் பிரதிக்கு 4 பென்ஸ். 1836இல் 1 பென்னியாகக் குறைத்தார்கள், 1855இல் எடுத்தே விட்டார்கள். காகித வரி 1861இல் போனது. வரி போனதும் ஊருக்கு ஊர் மழைக்காலத்துக் காளான்போல முளைத்தன. பரி டைம்ஸ் 1855, ராச்டேல் அப்சர்வர் 1856. சாதாரணக் கூலிக்காரன் ஒரு பென்னிக்கு வாங்கித் தன் ஊர்ச் சேதியைத் தானே படிக்கிற காலம் அப்போதுதான் வந்தது. மில் மூடியதும் அதற்கு ஒட்டியே நடந்தது. பாடுபவன், அச்சு, துயரம் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. அதுதான் இந்தப் பாட்டுகளின் ஜாதகம்.

3 ஜூன்

சூரத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கப் பஞ்சு இல்லை என்றதும் இந்தியப் பஞ்சை இறக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சூரத். குட்டை இழை. கொட்டைத் துணுக்கு, சருகு, மண், சில நேரம் கல்லும் இருக்கும். எடை கூட்டத் தண்ணீர் தெளித்த பொதிகளும் வந்தன. கலப்படத்தைத் தடுக்க பம்பாய் அரசாங்கம் 1863இல் தனிச் சட்டமே போட்டது. ஜெபக் கூட்டத்தில் ஒருவர் "ஆண்டவரே, எங்களுக்குப் பஞ்சு அனுப்பும்" என்று வேண்ட, பின்னாலிருந்து இன்னொருவர் "சூரத் மட்டும் வேண்டாம் ஆண்டவரே" என்று சேர்த்தார் என அங்கே இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள். மட்டமான சரக்கு எதுவானாலும் 'சூரத்' என்று திட்டுகிற பழக்கமும் அந்த ஊர்களில் வந்தது.

சாமுவேல் லேகாக் என்று ஒருவர். 1826இல் மார்ஸ்டனில் பிறந்தவர், 9 வயதில் மில்லுக்குப் போனவர், ஸ்டேலிபிரிட்ஜில் விசைத்தறி ஓட்டியவர். 1862இல் வேலை போனதும் எழுதிய பாட்டுகள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தன. பிறகு ஒற்றைத் தாளாக அச்சாகித் தெருவில் விற்றன. 'சூரத் நெசவாளியின் பாட்டு' அதில் ஒன்று. நான் தமிழில் சொல்லிப் பார்த்தது:

இப்படி ஒரு நெசவு நான் நெஞ்சதே இல்ல,
முதுகு ஒடிஞ்சாச்சு, விரலெல்லாம் புண்ணு.
இந்தச் சூரத்துக்குள்ள துழாவித் துழாவி
வவ்வாலு மாதிரி கண்ணும் போயாச்சு.

துணியை எடுத்துக்கிட்டு கிழட்டு ஜோ கிட்டப் போனா
திட்டுறான், அடிக்கவும் செய்யிறான்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மில் ஞாபகம் வந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தைய மாசம், விலை மலிவு என்று ஒரு லாட் எடுத்தார்கள். பேலைப் பிரித்ததுமே கையில் தெரிந்துவிட்டது, பிசுபிசுப்பு. கார்டிங்கில் (பஞ்சைச் சிக்கெடுக்கும் கட்டம்) ஒட்டுகிறது, ஸ்பின்னிங்கில் (நூற்கும் கட்டம்) அறுகிறது. நூற்பு இயந்திரத்தில் சைடு (ஒரு பக்கம்) பார்க்கும் பெண்கள் அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டினார்கள். ஒரு ஃப்ரேமில் இந்தக் கோடியில் ஒட்டி முடிப்பதற்குள் அந்தக் கோடியில் பத்து இழை தொங்கும். உற்பத்தி குறைந்ததற்கு அந்தப் பெண்களின் ஊக்கத்தொகையை வெட்டினார்கள். பஞ்சு வாங்கியவர் அறையில்தான் இருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்போர்ட்டில் "பஞ்சு சரியில்லை" என்று எழுதினேன். எழுதியதோடு சரி, அதற்கு மேல் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

லேகாக்கின் நெசவாளியும் அதே இடத்தில்தான் நிற்கிறான். பஞ்சு எங்கிருந்து வந்தது, யார் கலந்தார்கள், எதுவும் அவன் கையில் இல்லை. அவன் கையில் இருப்பது அறுந்த இழை மட்டும்.

5 ஜூன்

"சூரத்திலிருந்து அவ்வளவு பஞ்சு போயிருக்க முடியுமா அண்ணாச்சி?" என்று தனிச் செய்தியில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் எழுதிய விதம் அந்த எண்ணத்தைத் தருகிறது, திருத்திக்கொள்கிறேன். சூரத் என்பது அங்கே வியாபாரப் பெயர். மேற்கு இந்தியாவில் விளைந்து பெரும்பாலும் பம்பாய் வழியாகப் போன பஞ்சுக்கெல்லாம் பொதுவாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லிவர்பூல் சந்தைக்காரர்கள் 'மெட்ராஸ்' சரக்கைப் பிரித்தே பேசினார்கள். நம் கரிசல் பஞ்சு தூத்துக்குடியில் ஏறி 'டின்னவெல்லி' (திருநெல்வேலி) என்ற பெயரோடு போனது. தறியில் நின்றவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் ஏது? அறுகிறதெல்லாம் சூரத்.

இன்னொன்று. அங்கே பஞ்சு இல்லாமல் பட்டினி, இங்கே பஞ்சு விலை ஏறிக் கொண்டாட்டம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பம்பாயில் பணம் கொட்டியது உண்மை. பங்கு வியாபாரம் பைத்தியம்போல நடந்து, 1865இல் போர் முடிந்ததும் கவிழ்ந்ததும் உண்மை. ஆனால் நூல் வாங்கி நெய்கிற நம் கைத்தறிக்காரருக்கு? பஞ்சு ஏறினால் நூல் ஏறும். நூல் ஏறிய அளவுக்குச் சேலை விலையை ஏற்ற முடியாது. சென்னை மாகாணத்து நெசவாளிகளும் அந்த வருஷங்களில் அடிபட்டார்கள். ஸ்டேலிபிரிட்ஜில் தறி நின்றதற்கும் இங்கே தறி நின்றதற்கும் காரணம் ஒரே போர். அங்கே ஒருவன் பாடியது அச்சில் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த நாலு வருஷத்தைப் பாடியவர் யாராவது இருந்திருப்பார், தறிக்குழியில் உட்கார்ந்தபடி. பென்னிப் பத்திரிகை மட்டும்தான் அவருக்கு இல்லை.

6 ஜூன்

லேகாக்கின் மொழி பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இவர்கள் ஊர்ப்பேச்சில்தான் எழுதினார்கள். பறவைக்கு 'பேர்ட்' என்பதை 'ப்ரிட்' என்பார்கள். தப்பு ஆங்கிலம் என்று முதலில் நினைத்தேன். நாம் தசையைச் சதை என்கிறோமே, விசிறி சிவிறி ஆகிறதே, அதே எழுத்து மாற்றம்தான். அந்த ஊரில் பழைய வடிவம் தங்கிவிட்டது, அவ்வளவே.

9 ஜூன்

ப்ரிட் என்றதும் லேகாக்கின் அந்தப் பாட்டையே சொல்லியாக வேண்டும். 'வெல்கம், பானி ப்ரிட்!' இந்த உரையாடல் இழையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

வேலையில்லாத ஒரு தகப்பன், அப்போதுதான் பிறந்த பிள்ளையிடம் பேசுகிறான். வா என் சின்னக் குருவியே, ஆனால் நீ இந்த நேரம் பார்த்து வந்திருக்கக் கூடாது, காலம் சரியில்லை. உன் அண்ணன் ஜோவுக்கே பாலில் ஊறிய ரொட்டி பற்றவில்லை. அது உனக்கெப்படித் தெரியும், இல்லையாடா? இப்படியே போகிறது. கடைசியில், ரெண்டு மூணு பிள்ளைகள் இருந்தாலும் உனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறோம், கூட்டிலேயே நீதான் அழகு, நெஞ்சோடு ஒட்டிப் படு, நான்தான் உன் அப்பன் என்று முடிக்கிறான்.

நம் தாலாட்டில் அம்மா பாடுவாள். மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே என்று இல்லாத செல்வத்தையெல்லாம் தொட்டிலுக்குள் கொண்டுவருவாள். இங்கே அப்பன், வீட்டில் என்ன இல்லை என்பதைப் பிள்ளையிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறான். நடுநடுவே அந்தச் சின்ன வரி, "இல்லையாடா?" அந்த இடத்தில் குரல் உடைவதை என்னால் கேட்க முடிகிறது. என் இரண்டாவது மகள் பிறந்தபோது மில்லில் லே-ஆஃப், தற்காலிகமாக வேலை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை வாங்கிக்கொண்டு நின்றபோது என் மனசில் ஓடியது இதே கணக்குத்தான். அதைப் பாட்டாக்கலாம் என்று எனக்குத் தெரியாது. இன்னொருவன் 120 வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறான் என்றும் தெரியாது.

10 ஜூன்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "லேகாக் நல்லவர்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்கள்?" என்கிறார்.

பிளாக்பர்னில் வில்லியம் பில்லிங்டன். அவரும் நெசவாளி, அவரும் சூரத்தைப் பற்றிப் பாடினார். பிற்காலத்தில் ஒரு பீர்க்கடை வைத்திருந்தார், அதன் பெயரே 'கவிஞர் மூலை'. பத்திரிகைகளில் கவிதைப் பகுதிக்கு வைக்கிற தலைப்பு அது. அதைக் கடைக்கு வைத்துக்கொண்டார் என்றால் அந்த மூலைக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்தது என்று பாருங்கள். ஜோசப் ராம்ஸ்பாட்டம் 1864இல் துயரக் காலப் பாட்டுகளைத் தொகுப்பாகவே போட்டார். எட்வின் வா (Waugh) என்ற எழுத்தாளர் பஞ்ச காலத்தில் கவிதையைவிட உரைநடையில் அதிகம் செய்தார். 1862இல் மான்செஸ்டர் பத்திரிகைக்காக வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினார், 1867இல் அது புத்தகமானது.

இவர்களைத் தவிர முதலெழுத்து மட்டும் போட்டவர்கள், புனைபெயர்க்காரர்கள், "ஒரு நெசவாளி" என்று மட்டும் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். எல்லாம் நல்ல கவிதை இல்லை. பாதிக்கு மேல் பொறுமை, கடவுள், விடியல் என்று ஒரே தடத்தில் ஓடும். அதையும் நான் படிக்கிறேன். ஒப்பாரியில் எல்லா வரியும் புதிதாகவா இருக்கிறது? இழவு வீட்டில் யாரும் புதுமை கேட்பதில்லை.

11 ஜூன்

பெண்கள்? கேட்பார்கள் என்று தெரியும், நானே தேடிக்கொண்டிருந்தேன். லங்காஷயரில் வேலையிழந்த பெண்களைத் தையல் வகுப்பில் உட்காரவைத்து, வந்த நாளுக்கு நிவாரணக் காசு கொடுத்தார்கள். லேகாக் அவர்களுக்காக ஒரு பாட்டு எழுதினார், வாங்கடி பெண்களே, முகத்தைத் தொங்கப்போட்டு என்ன லாபம் என்று. ஆனால் அது ஆண் எழுதியது.

பெண்ணே எழுதியதற்கு வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். எல்லன் ஜான்ஸ்டன், விசைத்தறிக்காரி. 'ஆலைப் பெண்' என்றே கையெழுத்திட்டு கிளாஸ்கோவின் பென்னி போஸ்ட் பத்திரிகையில் எழுதினார். அங்கே நடந்தது அழகு. அவர் பாட்டுக்கு முகம் தெரியாத வாசகர்கள் பாட்டாலேயே பதில் போட்டார்கள், அவர் திரும்பப் பாட்டாலேயே பதில் எழுதினார். நம் ஊரில் சீட்டுக்கவி (பாட்டாகவே எழுதும் கடிதம்) அனுப்பிக்கொண்ட மாதிரி, ஆனால் நடுவில் புரவலரும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. 1867இல் தன் வாழ்க்கைக் கதையோடு சேர்த்துப் புத்தகம் போட்டார். "நல்ல கவிதை என்றால் புத்தகமாக வந்திருக்குமே" என்றீர்களே, வந்தது. பத்திரிகை வாசகர்கள்தான் வாங்கினார்கள்.

14 ஜூன்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரெண்டு இடம் சரியில்லை.

ஒன்று, துறைமுகத்தை மறித்ததால்தான் மில் நின்றது என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டேன். 1859, 1860இல் மில்கள் அளவுக்கு மீறி நெய்து தள்ளியிருந்தன. இந்தியச் சந்தை உட்பட எங்கும் துணி தேங்கிக் கிடந்தது. தொடக்கத்தில் மில்களை மூடியதற்கு அந்தத் தேக்கமும் ஒரு காரணம். விலை ஏறுகிறவரை சரக்கைப் பூட்டி வைத்திருந்தவர்களும் உண்டு. லேகாக்கின் நெசவாளி, தாங்கள் பட்டினி கிடப்பதை அந்த அமெரிக்கர்கள் பார்த்தால் சண்டையை முடித்துப் பஞ்சு அனுப்புவார்களே என்று ஏங்குகிறான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது கடலுக்கு அப்பால் நடந்த சண்டைதான். பக்கத்துத் தெருக் கிடங்கு தெரியவில்லை.

இரண்டாவது எனக்குக் கஷ்டமான விஷயம். பத்திரிகை மூலையை மக்கள் குரல் என்று மனசுக்குள் முடிவு கட்டியே படித்து வந்திருக்கிறேன். ஆனால் எதைப் போடுவது என்று முடிவு செய்தது ஆசிரியர். 1863 மார்ச்சில், அதே ஸ்டேலிபிரிட்ஜில், நிவாரணத்தைக் காசாகக் கொடுக்காமல் கடைச்சீட்டாகக் கொடுக்கப் போகிறோம் என்றதும் கலவரம் வெடித்தது. கடைகள் உடைந்தன, குதிரைப்படை வந்தது. என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்பதைக்கூட எனக்கு விடமாட்டாயா என்பதுதான் அந்தக் கோபம். அந்தச் சூடு நான் படித்த மூலைப் பாட்டுகளில் குறைவு. தாங்கிக்கொள்கிற பாட்டுகளே அதிகம். கல் எறிந்தவன் பாட்டு எழுதவில்லையா, எழுதியது குப்பைக்கூடைக்குப் போனதா? பணக்காரர் தர்மத்துக்கு நன்றி சொல்லும் வெண்பாக்கள் அச்சேறுவது எந்த ஊரிலும் சுலபம்.

எனவே ஒரு திருத்தம்: மூலையில் வந்ததெல்லாம் மக்கள் குரல்தான். ஆனால் மக்கள் குரலெல்லாம் மூலைக்கு வரவில்லை.

15 ஜூன்

"நம்மிடம் இப்படி இல்லையா?" என்று ரெண்டு பேர். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) கும்மிகள் உண்டு. சிவகங்கைப் பக்கம் வில்லியப்ப பிள்ளை பஞ்சத்தை வைத்துப் பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' 1899இல் அச்சாகியது, நையாண்டியும் வயிற்றெரிச்சலும் கலந்த நூல். ஆனால் அவை தனி நூல்களாகவும் சிறு பிரசுரங்களாகவும் வந்தவை. வாராவாரம் ஒரே மூலையில் ஊரே மாறி மாறிப் பாடுவது வேறு விதமான காரியம். இதைத் தனி இழையாக யாராவது தொடங்குங்கள், நான் வருகிறேன்.

21 ஜூன்

அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன், சித்தி வீட்டுக்கு. சித்திக்கு 74 வயசு. 40 வருஷம் தறியில் இருந்தவர், இப்போது முழங்கால் விடவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் லேகாக்கின் சூரத் பாட்டைப் பற்றிச் சொன்னேன். லங்காஷயர் நெசவாளிகள் நாடாவின் (குறுக்கு நூலைத் தறியில் கொண்டுபோகும் மரக்கட்டை) துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுப்பார்கள், 'நாடாவை முத்தமிடுவது' என்று அதற்குப் பெயர் என்றேன். சித்தி சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய நாடா ஒன்றை எடுத்து வந்தார். மரம் கறுத்து வழவழவென்று இருந்தது, ரெண்டு முனையிலும் இரும்புக் கூர் தேய்ந்திருந்தது. துளையைத் துடைத்து உதட்டில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். "பஞ்சு தூசி நேரா நெஞ்சுக்குப் போகும். எங்க வீதியில பாதிப் பேரு அதுலதான் இருமுனாங்க" என்றார்.

பிறகு லேகாக் பாட்டின் என் தமிழைப் படித்துக் காட்டினேன். முதுகு, விரல், வவ்வால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கிழட்டு ஜோ இடத்தில் நிறுத்தினார்.

"அடிச்சானா?"

"ஆமா சித்தி, அப்படித்தான் போட்டிருக்கு."

"துணி குடுக்கப் போனா எதுக்குய்யா அடிக்கான்? கரை கெட்டிருக்குன்னு கூலியில புடிச்சிருப்பான். திரும்பப் பாரு."

22 ஜூன்

பார்த்தேன். சித்தி சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் உள்ள சொல் 'பேட்ஸ்'. அடிப்பதைச் சொல்கிற 'பீட்ஸ்' என்பதன் ஊர் உச்சரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். லங்காஷயர் தறிக்கூடங்களில் துணியில் பழுது கண்டால் கூலியில் பிடிப்பதற்கு 'பேட்டிங்' என்றுதான் பெயர். அடுத்த வரியிலேயே ஒரு தறியில் ரெண்டு கரையும் கெட்ட பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்), இன்னொன்றில் கஞ்சி மிஞ்சி விறைத்த பாவு என்று அவன் காரணத்தையும் சொல்லியிருக்கிறான். கண்ணுக்கு முன்னால் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. 3ஆம் தேதி எழுதிய வரிகளை இப்படி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்:

துணியை எடுத்துக்கிட்டு கிழட்டு ஜோ கிட்டப் போனா
திட்டுறான், கூலியிலயும் புடிக்கிறான்.

இன்று காலை சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எவ்வளவு புடிச்சானாம்?" என்று கேட்டார். அது பாட்டில் இல்லை. ராச்டேல், பிளாக்பர்ன் பாட்டுகளில் பிடித்தம் எவ்வளவு என்று எங்காவது தொகை போட்டிருக்கிறதா என்று இந்த வாரம் தேடப்போகிறேன். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், சித்திக்குச் சொல்ல வேண்டும்.